கதவடைப்பு ஊசி

மூன்றாவது சுற்று மருந்தும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் பெனிட்டா சொன்னபோது மங்கையர்க்கரசிக்குக் கோபம்தான் வந்தது.

"என்னா டாக்டர் இது? தலைமுடி போச்சு, நகம் கருத்துப் போச்சு, ஒரு வாய் சோறு உள்ள எறங்க மாட்டேங்குது. என்னை இந்தப் பாடு படுத்துன மருந்துக்கு அந்தக் கட்டிய மட்டும் ஒண்ணும் பண்ண முடியலியா?"

கழிமேட்டு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருப்பவள் அவள். எடை குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களையும், புழுத்த அரிசியை மூட்டை மூட்டையாக அனுப்பிவிட்டுக் கையெழுத்துக் கேட்கும் அதிகாரிகளையும் ஒரே குரலில் சமாளித்துப் பழகியவள். ஊருக்கு அவள் அரசி. நோய் அவளுடைய உடம்பைப் பாதியாக்கியிருந்தது. குரல் மட்டும் இளைக்கவில்லை.

டாக்டர் பெனிட்டா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். வட்டமாக ஒன்று தெரிந்தது. அதற்குள் பச்சையாக ஏதோ மினுங்கியது.

"இது உங்க கட்டியிலேர்ந்து எடுத்த செல். பச்சையா மின்னுறது நாங்க குடுத்த மருந்து. பாத்துட்டே இருங்க."

அரசி பார்த்தாள். பச்சை வெளிறியது. கொஞ்ச நேரத்தில் வட்டம் இருண்டுவிட்டது.

"எங்க போச்சு?"

"வெளிய தள்ளிடுச்சு. செல்லோட சுவர்ல சின்னச் சின்னதா கதவு மாதிரி இருக்கும். உள்ள வர்ற நஞ்சைப் பிடிச்சு வெளிய தள்ளுற கதவு. எல்லார் உடம்புலயும் உண்டு. குடல்ல, கல்லீரல்ல, கிட்னியில, மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல. நம்மளக் காப்பாத்தத்தான் அது இருக்கு. புற்றுநோய் செல்லும் அதே கதவை வெச்சுத் தன்னைக் காப்பாத்திக்குது. முதல் சுற்று மருந்துல கதவு கம்மியா இருக்கிற செல் செத்துடும். நிறைய வெச்சிருக்கிறது பிழைச்சுக்கும். அப்புறம் பெருகுறது பூரா அந்தப் பிழைச்சதோட வாரிசுங்கதான்."

"எல்லாருக்கும் இப்படித்தான் ஆவுமா?"

டாக்டர் திரையை அணைத்தாள்.

"உங்க ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு ஆரம்பத்துலயே இப்படி இருக்கு. மத்தவங்களுக்கு மருந்து குடுத்த பிறகு பெருகுற கதவு, உங்களுக்கு முன்னாடியே பெருகி நிக்குது. ரொம்ப வருஷமா உங்க உடம்பு எதையோ வெளிய தள்ளிட்டே இருந்திருக்கு. நல்லாப் பழகிடுச்சு."

எதை என்று அரசி கேட்கவில்லை. கழிமேட்டில் அதைக் கேட்க வேண்டியதில்லை. கடலோரம் சாய மருந்து செய்யும் கம்பெனி இருக்கிறது. அவள் கல்யாணமாகி வந்த காலத்திலேயே கிணற்றுத் தண்ணீர் டீத்தூள் போட்டதுபோல இருக்கும். பிறகு அது தெளிந்துவிட்டது, நாற்றமும் போய்விட்டது. கம்பெனி புது இயந்திரம் வைத்துவிட்டது என்றார்கள். அவளுடைய புருஷன் தணிகாசலத்துக்கு அங்கேதான் கொதிகலனில் வேலை.

"அப்ப இந்த நோயக் குடுத்ததும் அந்தத் தண்ணி. மருந்து கிட்ட நெருங்காம அதுக்குக் காவல் நிக்கிறதும் அந்தத் தண்ணி. நல்லா இருக்குது டாக்டர் நியாயம்."

"புதுசா ஒரு ஊசி வந்திருக்கு" என்றாள் பெனிட்டா. "கதவு செய்யச் சொல்ற மரபணுவையே பூட்டிடும். கதவு இல்லேன்னா மருந்து உள்ளயே தங்கும், கட்டி கரையும். ஒரு தடவை பூட்டினா திறக்க முடியாது. உடம்பு முழுக்கப் பூட்டிக்கும். வெளிநாட்டுல, இங்க பெரிய நகரங்கள்ல எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. நல்லா இருக்காங்க."

"போடுங்க" என்றாள் அரசி.

*

நர்சுகள் அதற்குக் கதவடைப்பு ஊசி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊசி போட்டதும், வாரம் ஒரு நாள் வந்து பழைய மருந்தையே சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்ள வேண்டும். சிகிச்சை முடியும்வரை, தொற்று வராமலிருக்க, குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்ட கூடம். முதல் நாள் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து அரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கம்பெனியின் பொது மேலாளர் கிருபாகரன். கழிமேட்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. கம்பெனியை விரிவாக்க ஒவ்வொரு முறையும் அரசாங்கம் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தும். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் ஊர்க் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டுவார். போன கூட்டத்தில் இரண்டு டம்ளர் குடித்தார். கைத்தட்டலும் வாங்கினார்.

அவரும் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "தணிகாசலம் வைஃப்தானே நீங்க?"

"ஆமா சார். நீங்களுமா?"

"நானும்தான்" என்று தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைக் காட்டினார்.

அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த வாரம் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அவருக்குக் குமட்டியது. கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ் வரவில்லை. அரசி தன் கையில் குத்தியிருந்த குழாயோடு எட்டி, கிண்ணத்தை அவர் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள். முழுதும் வாந்தி எடுத்து முடிக்கும்வரை பிடித்திருந்தாள். அவர் கூசிப்போய், "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

"இதுல என்னா சார் இருக்கு. போன வாரம் நான் எடுத்தப்ப நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க. பாத்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு தடைப்படவில்லை. பெண்டாட்டி இறந்த பிறகு தனியாக இருக்கிறார், மகள் வெளிநாட்டில், சென்னையில் வீடு, வாரத்தில் நான்கு நாள் கழிமேட்டில் விருந்தினர் விடுதி. ரேஷன் அரிசியில் இட்லி ஊற்றினால் எப்படி வரும் என்று கேட்டார். உளுந்து பார்த்துப் போட்டால் பூப்போல வரும் என்று சொல்லி, அடுத்த வாரம் கொண்டுவந்தும் கொடுத்தாள். வாய்ப்புண்ணோடு இருவரும் ஆளுக்கு ஒன்று தின்றார்கள். நல்ல மனுஷன்தான் என்று வீட்டுக்கு வந்து தணிகாசலத்திடம் சொன்னாள்.

ஊசி வேலை செய்தது. திரையில் இப்போது பச்சை வெளிறவில்லை. கட்டி சுருங்கிக்கொண்டே வந்து காணாமல் போயிற்று. கிருபாகரனுக்கும் அப்படியே. இரண்டு பேருக்கும் ஒன்றாகவே தலையில் புது முடி முளைத்தது.

அந்தச் சமயத்தில்தான் கலியமூர்த்தி இறந்தான்.

கழிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். அவர்களுக்கு முன்பே ஊசி போட்டுக் குணமாகி ஊருக்குத் திரும்பியவன். புற்றுநோய் சுத்தமாகப் போய்விட்டது என்று மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினான். சீக்கிரமே கைகால் நடுங்கத் தொடங்கியது, பேச்சுக் குழறியது, கிட்னி நின்றுவிட்டது. அடுத்து, உப்பளத்துத் தெருவில் ஊசி போட்டுக்கொண்ட இன்னொரு பெண்ணுக்கும் அதே நடுக்கம்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் பெனிட்டா அரசியையும் கிருபாகரனையும் ஒன்றாகத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"நான் சொல்றதைப் பொறுமையாக் கேளுங்க. இந்த ஊசி போட்டு மத்த ஊருக்குப் போனவங்க நல்லா இருக்காங்க. கழிமேட்டுக்குத் திரும்பிப் போனவங்கதான் விழறாங்க. கலியமூர்த்தியைக் கொன்னது புற்றுநோய் இல்ல. தண்ணி."

"எல்லாரும் குடிக்கிற தண்ணிதானே?" என்றார் கிருபாகரன்.

"எல்லாரும் குடிக்கிறாங்க. எல்லாருக்கும் கதவு இருக்கு, வெளிய தள்ளிட்டு உயிரோட இருக்காங்க. உங்க ரெண்டு பேர் கதவையும் நான் பூட்டிட்டேன். உங்களுக்குள்ள போறது எதுவும் வெளிய வராது, ஒரு டம்ளர் போனாலே உசுருக்கு ஆபத்து. அந்த ஊர்த் தண்ணியக் குடிக்காதீங்க. அதுல சமைச்சதைச் சாப்பிடாதீங்க. குளிக்கக் கூடாது. சார், உங்க ஆபீஸ்ல டீ கூட வேண்டாம்."

அரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதெல்லாம் ஊசி போடறதுக்கு முன்னாடி ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. சோதனை செஞ்ச இடத்துல எல்லாம் நல்ல தண்ணி குடிக்கிறவங்களா இருந்தாங்க. உங்க மாதிரி ஊர்ல யாரும் செஞ்சு பாக்கல. இப்ப மேலிடத்துக்குச் சொன்னா, நோயாளிங்க பத்தியம் காக்கலன்னு எழுதச் சொல்றாங்க." பெனிட்டா மேசையிலிருந்த கோப்பை மூடினாள். "நான் எழுத மாட்டேன்."

அரசி கிருபாகரன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா சார்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணியில இருக்கிறது எல்லாம் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கும்மா. நாங்க அளக்காம இல்ல."

"அந்த அளவை யாரு வெச்சது?"

"வல்லுநர் குழு. ஊர் மக்களையே வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு, எந்த அளவு வரைக்கும் பாதிப்பு இல்லன்னு..."

"அதாவது நாங்க எவ்வளவு தாங்குறோம்னு பாத்து, அதையே அளவா வெச்சுட்டீங்க. அப்படித்தானே?" அவள் எழுந்துவிட்டாள். "எங்க உடம்பு உசுரைக் குடுத்து இறைச்சுக் கொட்டுனதை வெச்சுத் தண்ணி நல்ல தண்ணின்னு சொல்லிட்டீங்க. எங்க ரத்தம் உங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையமா சார்?"

அவரும் எழுந்தார். அறையை விட்டுப் போகும்போது, "நீங்க உடம்பைப் பாத்துக்குங்கம்மா" என்றார். அது அவர் மனதாரச் சொன்னதுதான். அதனாலேயே அவளுக்கு இன்னும் எரிந்தது.

*

அரசி திண்டிவனத்தில் நாத்தனார் வீட்டுக்குக் குடிபோனாள். காலையில் பஸ்ஸில் கழிமேடு வந்து கடையைத் திறப்பாள். சோறும் தண்ணீரும் கையோடு வரும். சாயந்திரம் திரும்பிவிடுவாள். சொந்த வீட்டில் கை அலம்பக்கூட முடியாது. தணிகாசலம் கடைக்கு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவான்.

"நீயும் வந்துடு" என்றாள்.

"வேலை?"

"அந்த வேலைதான்யா கலியமூர்த்தியக் கொன்னுச்சு."

"கம்பெனிய மூடுனா ஊர்ல முக்காவாசிப் பேருக்குச் சோறு கெடையாது. தெரியுமா உனக்கு? நீ குடுக்கிற ரேஷன் அரிசிய மட்டும் தின்னுட்டு உக்காந்திருப்பாங்களா?"

அவனும் தப்பாகச் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. புழுத்த அரிசி வந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பலாம். புழுத்த நியாயத்தை எங்கே திருப்பி அனுப்புவது?

அப்போதுதான் கம்பெனி இன்னொரு ஆலை கட்டப்போகிறது, கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. அரசி கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "அந்த மேனேஜர் சாருக்கும் எனக்கும் ஒரே ஊசி. இந்தத் தடவை அவரால குடிக்க முடியாது. டம்ளரை வாங்கிக் கீழ வெப்பாரு. அதை மட்டும் பாருங்க. அதுக்கு மேல நாம ஒண்ணும் பேச வேணாம்."

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் கலெக்டர், அதிகாரிகள், கம்பெனி முதலாளியின் மகன், ஓரத்தில் கிருபாகரன். வாசல் முழுக்கப் போலீஸ். அதிகாரி ஒருவர் எழுந்து, தண்ணீரில் உள்ள எல்லாமே அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது என்று வாசித்தார். அரசி ஒலிவாங்கிக்கு வந்தாள்.

"அனுமதிக்கப்பட்ட அளவுன்னா யாருக்கு?"

"சாதாரண மனிதர்களுக்கு" என்றார் அதிகாரி.

"கலியமூர்த்தி?"

"அவர் ஒரு குறிப்பிட்ட சிகிச்சை எடுத்தவர். அவரைச் சாதாரண மனிதராக எடுத்துக்கொள்ள முடியாது. அப்படிச் சிகிச்சை எடுத்தவர்கள் வேறு ஊருக்குக் குடிபெயரலாம் என்று அரசு ஆலோசனை கூறியிருக்கிறது."

மண்டபத்தில் இரைச்சல் எழுந்தது. "எங்க ஊரை விட்டு நாங்க போவணுமா? கம்பெனி போவாதா?" என்று யாரோ கத்தினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "மேனேஜரைக் குடிக்கச் சொல்லு!" என்றான். அதைப் பிடித்துக்கொண்டு மண்டபமே கத்தியது. குடிக்கச் சொல்லு, குடிக்கச் சொல்லு.

முதலாளியின் மகன் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினான். "இதுல என்ன இருக்கு? எங்க கிருபாகரன் சார் வழக்கமாச் செய்யறதுதானே."

மண்டபத்துக் குழாயில், எல்லோரும் பார்க்க, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். பளிங்குபோல் இருந்தது. கிருபாகரன் அதைக் கையில் வாங்கினார்.

அரசி டம்ளரையே பார்த்தாள். வை. கீழே வை. அவர் ஒரு தடவை முதலாளி மகனைப் பார்த்தார். அவன் சிரிப்பு மாறாமல் தலையசைத்தான். அவனுக்கு ஊசி விஷயம் தெரியுமா, தெரிந்தும் தலையசைத்தானா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கிருபாகரனின் கையிலிருந்த டம்ளரின் விளிம்பில் தண்ணீர் தளும்பியது. அவர் அதை வைக்கவில்லை. வாய்க்கு உயர்த்தினார். அத்தனை வருடம் செய்த வேலை. செய்ய மாட்டேன் என்று சொல்ல அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

அவள் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. மேடைப்படி ஏறியது நினைவில்லை. கை மட்டும் நினைவிருக்கிறது. டம்ளரை ஓங்கித் தட்டினாள். அது அவருடைய பல்லில் மோதி, உதட்டைக் கிழித்து, தரையில் விழுந்து சிதறியது. ரத்தம் சட்டையில் வழிந்தது.

"குடிக்காதீங்க சார்!" என்று அவள் கத்தினாள். அதற்குள் நான்கு போலீஸ்காரர்கள் அவளைப் பிடித்துவிட்டார்கள்.

*

அன்று சாயந்திரச் செய்திகளில் அவள் ரவுடி. கேன்சரிலிருந்து மீண்ட அதிகாரியைத் தாக்கிய பெண். கலவரத்தால் பாதியில் நின்ற கூட்டத்தை, எதிர்ப்பு எதுவும் பதிவாகாத கூட்டம் என்று கணக்கில் எடுத்துப் புது ஆலைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அவளை வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். தணிகாசலத்தைக் காரணம் சொல்லாமல் நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். ஊர் திட்டும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

"குடிக்க விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல அக்கா!" என்று கலியமூர்த்தியின் தம்பி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டான். "எங்க அண்ணன் துடிச்ச மாதிரி அந்தாளும் துடிச்சிருந்தா ஒலகமே பாத்திருக்கும். நீ போயி காப்பாத்திட்டியே! உனக்கு யாரு சொன்னா?"

"பக்கத்துல உக்காந்து இட்லி தின்ன ஆளுடா" என்றாள். அவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

ஜாமீனில் வெளியே வந்த பிறகுதான், போலீசில் கொடுத்த புகாரில் கையெழுத்துப் போட்டது கிருபாகரனே என்று தெரிந்தது. முன்விரோதம் காரணமாக, சுத்தமான குடிநீரை அருந்தவிடாமல் தடுத்துத் தாக்கினார் என்று அதில் இருந்தது. அதைப் படித்துக் காட்டிய வக்கீல் ஜோதிமுத்து, இலவச சட்ட உதவியில் வந்த இளம்பெண், அரசியின் முகத்தைப் பார்த்துப் படிப்பதை நிறுத்தினாள்.

"சுத்தமான குடிநீரா? அவரு கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டிருக்காரு."

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டான். "கேட்டுக்கோ. நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னியே."

"அவரு நல்லவரா கெட்டவரான்னு இப்ப யாருய்யா கேட்டா?" என்று சீறினாள் அரசி. "அவரு குடிச்சா சாவாருன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நின்னு கேட்டோம். அதை அவரு வாயால சொல்லணும். எனக்கு அது போதும்."

ஜோதிமுத்து சட்டென நிமிர்ந்தாள். "அக்கா, சொல்ல வெச்சிடலாம். புகார் குடுத்தவரைச் சாட்சியா விசாரிச்சுத்தானே ஆகணும்? குறுக்கு விசாரணையில நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். உங்க டாக்டரையும் கூப்பிடுவேன்."

பெனிட்டா வருவதாகச் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்றாள்.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று கழிமேட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். கலியமூர்த்தியின் தம்பியும் வந்து கடைசியில் நின்றான். கிருபாகரன் முன்வரிசையில் கம்பெனி வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உதட்டில் வடு தெரிந்தது. அரசி பக்கம் திரும்பவில்லை. அவள் கூண்டில் ஏறினாள்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கனம் நடுவர் அவர்களே, குற்றம் சாட்டப்பட்டவர் நோயிலிருந்து மீண்ட பெண். புகார்தாரரும் பெருந்தன்மையோடு இதைத் தொடர விரும்பவில்லை. வழக்கைத் திரும்பப் பெற அரசு அனுமதி கோருகிறது."

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தணிகாசலம் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினான். கழிமேட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் நடுவர் பேனாவை எடுத்தார்.

ஜோதிமுத்து மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூண்டருகே வந்து மெல்ல, "அக்கா, தப்பிச்சுக்கிட்டாங்க. நாமளும் தப்பிச்சோம். வேலை திரும்பக் கெடைச்சிடும். விடுங்க" என்றாள்.

"எதை விடறது?" என்றாள் அரசி. ரேஷன் கடைக் குரல். நீதிமன்றம் முழுக்கக் கேட்டது. "அம்மா, எனக்கு இதுல சம்மதமில்ல."

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க மேல இருக்கிற வழக்கைத்தான்மா வாபஸ் வாங்கறாங்க. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"வீட்டுக்கா? என் வீட்டுக்கு நான் போவ முடியாதும்மா. அங்கப் போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சா செத்துடுவேன்." கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் தட்டிவிட்டேன். அதை இல்லன்னு சொல்லல. அவரு உதடு கிழிஞ்சுது, அதுக்கு என்னா தண்டனையோ குடுங்க, உள்ள போயி இருக்கேன். ஆனா சுத்தமான தண்ணியத் தட்டிவிட்டேன்னு எழுதியிருக்குது. அது சுத்தமான தண்ணியா இல்லியா? அதைக் கேக்காம என்னை வெளிய அனுப்பாதீங்க. நான் பண்ணுனது குத்தமா இருந்தா அது குத்தம்னு நிரூபிக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு அதுக்குப் பயமா இருக்குது. அதான் மன்னிக்கிறாங்க. எனக்கு அவங்க மன்னிப்பு வேணாம்."

கம்பெனி வக்கீல் பாய்ந்து எழுந்தார். "கனம் நடுவர் அவர்களே, இது..."

"உட்காருங்க. நீங்க இந்த வழக்குல யாரும் இல்ல" என்றார் நடுவர். பேனாவை மூடி வைத்தார். அரசு வழக்கறிஞரைப் பார்த்தார். "திரும்பப் பெற நீதிமன்றத்தோட சம்மதம் வேணும். அதை நான் இன்னும் தரல. புகார்தாரர் வந்திருக்காரா?"

கிருபாகரன் தானாகவே எழுந்து நின்றார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதும், அவர் அந்தக் கையை எடுத்துவிடுவதும் எல்லோர் கண்ணிலும் பட்டது. நடந்துபோய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினார். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி சொன்னார். குரல் எழும்பவில்லை, சத்தமாகச் சொல்லும்படி நடுவர் சொன்னார்.

"அன்னைக்கு அந்தத் தண்ணிய நீங்க குடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று நடுவரே கேட்டார்.

அன்று முதல் தடவையாக அவர் அரசியைப் பார்த்தார்.

"அந்தம்மா தட்டிவிட்டாங்க" என்றார். "அதனாலதான் இன்னைக்கு இங்க நின்னு பதில் சொல்றேன்."

நடுவர் எழுதத் தொடங்கினார். பின்னால் கலியமூர்த்தியின் தம்பி சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அரசிக்கு நன்றியும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. கூண்டுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி அவரிடம் கேட்டாள்.

"இதை அன்னைக்கே அந்த மேடையில சொல்றதுக்கு உங்களுக்கு என்னாய்யா கேடு?"

நடுவர் எழுதுவதை நிறுத்தினார். அவளை அடக்கவில்லை. கிருபாகரன் பக்கம் திரும்பி, "இதுக்கும் பதில் சொல்லுங்க" என்றார்.